பேர் சொல்லிக் கூப்பிடாதவர்

அவர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். பெற்ற பிள்ளைகளை "இவனே", "இவளே" என்பார். மனைவியை "இந்தா" என்பார். அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கூடப்பிறந்த தம்பி "ஏலே". உழவு மாட்டுக்குக்கூட நாங்கள் வைத்த பேரைச் சொல்லாமல் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுப்பார், மாடு திரும்பிப் பார்க்கும். தெருவில் போகிற ஆளை நிறுத்த வேண்டுமென்றால் கையைத் தட்டுவார். கைதட்டல் கேட்ட ஆள் நிற்பதற்குப் பதிலாக இன்னும் வேகமாக நடப்பான். அவனவனுக்கு அவனவன் பயம்.

அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மூத்தார். மூத்தாரின் பேரைத் தம்பி பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அதனால் இந்த எழுத்திலும் அவர் பேர் வராது. வெளியே அவருக்குப் பேர் தேவைப்படவும் இல்லை. இராமநாதபுரத்திலிருந்து கடற்கரை வரைக்கும் 'எமன் வேஷக்காரர்' என்றால் போதும், அழுகிற பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

ஆள் ஒன்றும் பெரிய உருவம் இல்லை. ஒல்லி உடம்பு, கொஞ்சம் கூனல், மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக் காய்ந்த கால்கள். குரல்தான் அவருடைய சொத்து. மற்ற நாடகச் செட்டுகளில் எமன் வேஷம் போடுகிறவர்கள் உறுமுவார்கள், பலகை அதிரக் குதிப்பார்கள். இவர் உறுமமாட்டார். மேடையின் ஓரத்தில் வந்து நின்று, பக்கத்து வயலில் நிற்கிற ஆளை 'வேலை முடிஞ்சது, வீட்டுக்கு வா' என்று கூப்பிடுகிற மாதிரி, சாதாரணமாகக் கூப்பிடுவார். மைக் இல்லாத காலத்தில் அந்தச் சாதாரணக் குரல் கடைசி வரிசை வரைக்கும் வந்து காதோரம் நிற்கும்.

பேர் சொல்லாத பழக்கம் எப்படி வந்தது என்பதை என் ஓரகத்தி, அதாவது அவர் மனைவி, மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டே சொன்னாள். ஆரம்பத்தில் அவருடைய செட்டில் ஒரு வேடிக்கை உண்டாம். எமன் மேடைக்கு வந்ததும் பபூன் நடுங்குவான். "என்னைய விட்ருங்க சாமி, அந்தா முன்னால உக்காந்திருக்காரே, அவரக் கூட்டிட்டுப் போங்க" என்று கூட்டத்தில் ஒருவரைக் காட்டி, அவர் பேரையும் சொல்லிக் கொடுப்பான். எமன் அந்தப் பேரைச் சொல்லி, "கிளம்பு" என்பார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும், பேருக்குரியவரும் சேர்ந்து சிரிப்பார். உச்சிப்புளிக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊரில் அப்படிக் கூப்பிடப்பட்டவர் ஒரு கருவாட்டு வியாபாரி. நல்ல திடமான மனிதர். மறுவாரம் காய்ச்சல் கண்டு போய்விட்டார். காய்ச்சல் யாருக்கும் வரும் என்று விட்டார்கள். அடுத்த வருஷம் வேறோர் ஊரில் கூப்பிடப்பட்டவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து எழுந்திருக்கவே இல்லை. அதோடு வேடிக்கை நின்றது. கதையில் உள்ள பேரைத் தவிர வேறு பேர் அவர் வாயில் வருவதும் நின்றது.

"நாடகம் முடிஞ்சு வந்தாகன்னா மொதல்ல உப்புத்தண்ணியில வாயக் கொப்பளிப்பாக. ஈறு எரிய எரியக் கொப்பளிப்பாக. எதுக்கு இப்பிடின்னு ஒரு நாளு கேட்டேன். 'இந்த வாயி என்னோடதுதானான்னே தெரியல இந்தா'ன்னாக," என்றாள் ஓரகத்தி. வாழ வந்து மாசம் ஒன்றுகூட ஆகவில்லை எனக்கு. எந்த வீட்டில் கொண்டுவந்து தள்ளினார்கள் என்று அய்யா மேல் கோபமாக வந்தது.

பேர் சொல்லாத வீடு எனக்குப் புதிதும் இல்லை. எங்கள் அய்யா தன் தாயாரின் பேரை எனக்கு வைத்திருந்தார். மாமியார் பேரைச் சொல்லி மருமகள் பிள்ளையை அதட்ட முடியுமா? அம்மா என்னை "ஆத்தா" என்றுதான் கூப்பிட்டாள். அய்யாவும் "ஆத்தா". அதைக் கேட்டு ஊரும் "ஆத்தா". உத்தரகோசமங்கைப் பக்கத்திலிருந்து வந்தவள் என்பதால் இந்த வீட்டில் "மங்கைக்காரி". ஆனால் அங்கே மரியாதையால் மூடிய வாய், இங்கே பயத்தால் மூடியிருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் ராத்திரி படுக்கும்போது தெரியும்.

மூத்தாரிடம் நேருக்கு நேர் நான் பேசியது கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று, "சோறு எடுத்து வச்சாச்சுன்னு சொல்லுங்க" என்று சுவரிடம் சொல்வேன். அவர் வந்து உட்காருவார். காதுமடலுக்குப் பின்னால் நேற்றைய அரிதாரம் நீலமாக ஒட்டியிருக்கும். அந்த நீலத்தைப் பார்த்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

சிரிக்கிற மாதிரியும் நடந்தது உண்டு. ஒரு தடவை இராமநாதபுரம் ஸ்டேஷனில் ஓரகத்தி மதுரை வண்டி என்று நினைத்து இராமேஸ்வரம் போகிற வண்டியில் ஏறிவிட்டாள். வண்டி நகருகிறது. பிளாட்பாரத்தில் இவர். பேரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்திருந்தால் குதித்திருப்பாள். இவர் கொடுக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, கையைத் தட்டித் தட்டி, பிளாட்பாரம் முடிகிற மட்டும் ஓடியிருக்கிறார். அவள் உச்சிப்புளியில் இறங்கி, அழுது, அடுத்த வண்டி பிடித்து வந்து சேர்ந்தாள். வந்ததும் சண்டை. "ஆம்பளைக்கு வாயி எதுக்கு இருக்கு?" என்று கேட்டாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீ இருக்கணும்னுதான் கூப்பிடல" என்றார்.

சிரிக்க முடியாதது இன்னொன்று. எங்காவது ஒரு கிழவரோ கிழவியோ உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், அந்த வீட்டு ஆட்கள் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பட்டப்பகலில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்பார்கள். "ரொம்பச் செரமப்படுது. ஒருக்க வந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டு விட்டீகன்னா..." அவர்கள் வருவது தெரிந்தால் இவர் பின்வாசல் வழியாக மிளகாய்க் கொல்லைக்குள் போய்ச் செடிகளுக்கு நடுவில் குந்திக்கொள்வார். ஒரு நாள் சாணி அள்ளப் போன நான் பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களையெல்லாம் பயமுறுத்துகிற மனிதர் எங்களைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆறுதலாக இல்லை. இவரே பயந்தால் விஷயம் உண்மைதானே என்று என் பயம் இரட்டிப்பானது.

சுதந்திரம் வந்து எட்டொன்பது வருஷம் இருக்கும். நான் தலைப்பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் என் பிறந்த ஊரிலிருந்து பெரியவீட்டுக்காரர் வந்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது. கண்மாய் மடைத் தண்ணீரை எங்கள் அய்யா வயலுக்கு விடமாட்டேன் என்று அவரும், விட்டுத்தான் ஆகவேண்டும் என்று அய்யாவும், கோர்ட்டு வரைக்கும் போயிருந்தார்கள். அப்படிப்பட்டவர் வெற்றிலைத் தட்டோடு வந்து, "அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒங்க நாடகம்தான் வேணும்" என்று நீட்டினார். மூத்தார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நாடகக்காரர்களுக்குத் தாம்பூலம் வாங்கினால் வாங்கியதுதான். உயிர் போனாலும் மேடையேற வேண்டும்.

அவர் செய்த தப்பு, முதலில் வாங்கியதுதான். வாங்கிய பிறகு பெரியவீட்டுக்காரர் சாவகாசமாகச் சொன்னார்.

"நாடகத்துல ஒரு பேரு கூப்பிடணும். முன்ன கூப்பிடுவீகளாமே, அந்த மாதிரி."

"அத விட்டு ரொம்ப நாளாச்சு."

"எனக்காக ஒருக்க." பிறகு எங்கள் அய்யாவின் பேரைச் சொன்னார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அய்யாவுக்கு நெஞ்சு பலவீனம். அதிர்ச்சி ஆகாது என்று இராமநாதபுரத்து டாக்டர் சொல்லியிருந்தார். பல்லி கத்தினால்கூட உட்கார்ந்துவிடுகிற மனிதர் அவர். இந்த வாயால் தன் பேரைக் கேட்டால், எமன் வர வேண்டியதில்லை, பயமே கொண்டுபோய்விடும்.

"எங்க தம்பிக்கு மாமனாரு அவரு," என்றார் மூத்தார்.

"தெரியும். தாம்பூலம் வாங்கினப்பறம் சம்பந்தியென்ன, சாமியென்ன?" என்று சொல்லிவிட்டுப் பெரியவீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். அவர் போய், "அண்ணே, வெத்தலயத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார்.

"திருப்பிக் குடுத்தா அப்பறம் எந்த ஊரு மேடையில ஏலே ஏறுவேன்? செட்டுல இருக்குற மத்த ஆளுக வயித்துக்கு யாரு பதில் சொல்றது?" என்ற மூத்தார், குரலைத் தாழ்த்தி, கதவுப் பக்கம் பார்க்காமல் சொன்னார். "உள்ள நிக்கிற புள்ளைக்குச் சொல்லு. எனக்குந்தான் பயமா இருக்கு."

அதைக் கேட்ட பிறகு எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது.

மூத்தார் செட்டு ஆட்களுக்கு முன்னாலேயே கிளம்பி என் ஊருக்குப் போய்விட்டார். நான் அழுது அடம்பிடித்து வீட்டுக்காரரோடு மாட்டுவண்டியில் பின்னால் போனேன். போனால் ஊரே கிலி பிடித்துக் கிடந்தது. எமன் வேஷக்காரர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம், யாரிடமும் பேசவில்லையாம், போகிற வருகிறவர்களையே பார்க்கிறாராம். கிணற்றடியில் நிற்கிறாராம், கண்மாய்க்கரையில் நிற்கிறாராம். பெண்கள் பிள்ளைகளை வெளியே விடவில்லை. யாருடைய பேர் வரப்போகிறது என்பது மட்டும் பெரியவீட்டு ஆட்கள் சொல்லி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் அய்யாவைப் பார்த்தவர்கள் இழவு வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்கள்.

"நாடகத்துக்குப் போகாதீக அய்யா," என்று காலைப் பிடித்தேன்.

"ஊரே உக்காந்திருக்கையில நான் மட்டும் வீட்டுல கெடந்தா, பயந்துட்டான்னு அவன் சொல்லமாட்டானா ஆத்தா?" என்றார். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். போகும்போது அவர் கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது.

எமன் வருகிற கட்டம் வரும்போது கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. காஸ் லைட் வெளிச்சமும் விடியல் வெளிச்சமும் கலந்து ஒவ்வொரு முகமும் தெரிந்தது. மூத்தார் கையில் கயிற்றோடு மேடையின் ஓரத்துக்கு வந்தார். நீல முகம், கறுப்பு மீசை. பெரியவீட்டுக்காரர் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆர்மோனியம் நின்றது.

எங்கள் அய்யாவின் பேரைச் சொன்னார். அதே சாதாரணக் குரல். "கிளம்பு" என்றார்.

அய்யாவின் கை நெஞ்சுக்குப் போனது. நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்துவிட்டேன். அய்யா பக்கவாட்டில் சாய்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்த பேர் வந்தது. பெரியவீட்டுக்காரரின் பேர். "கிளம்பு."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "ஏய், நிறுத்துடா!" என்று அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். மூத்தார் நிறுத்தவில்லை. டீக்கடைக்காரர் பேர். மடை காக்கிறவர் பேர். பூசாரி பேர். கணக்குப்பிள்ளை பேர். ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, அப்பன் பேரையும் சேர்த்து, ஆள் மாறாமல், "கிளம்பு, கிளம்பு" என்று சொல்லிக்கொண்டே போனார். அப்போதுதான் புரிந்தது, பெஞ்சில் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் பேர்கள். ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடுகிற பேர்கள்.

கூட்டம் ஓ என்று அலறியது. தாய்மார்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். யாரோ மண்ணை வாரி மேடைமேல் இறைத்தார்கள். ஒருவன் எழுந்து வயல் பக்கம் ஓடினான். அவன் ஓடுகிற திசையைப் பார்த்தே அவன் பேரும் வந்தது. பெண்கள் பக்கமும் திரும்பினார். எங்கள் அம்மா பேர், சித்தி பேர், கோயிலில் கோலம் போடுகிறவள் பேர். சாய்ந்து கிடந்த எங்கள் அய்யா மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். ஊரே தன்னோடு வருகிறது என்றதும் அவர் நெஞ்சு கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும்.

பிறகு நடந்தது போல நான் வேறெங்கேயும் கண்டதில்லை. பாதிக்கு மேல் கூப்பிட்டான பிறகு, கூப்பிடப்படாதவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஒரு பக்கம், தான் மட்டும் தனியாக இன்னொரு பக்கமா? "என்னைய விட்டுட்டீகளே!" என்று ஒரு கிழவர் எழுந்து தன் பேரைத் தானே கத்தினார். "எம் புள்ளைகளச் சொல்லல!" என்று ஒருத்தி அழுதாள். அவர் பொறுமையாக ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். அரிதாரத்துக்கு மேல் கண்ணீர் வழிந்து நீலம் கழுத்துக்கு இறங்கியது. என் வீட்டுக்காரர் பேர், அதுவும் நான் சொல்லக்கூடாத பேர், வந்தது. கடைசியில் தன் பேரையும் சொன்னார். "கிளம்பு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டார். சூரியன் ஏறியிருந்தது.

என் பேர் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தார், ஒரு நொடி நின்றார், தாண்டிப் போய்விட்டார்.

மறுவாரம் பாதி ஊர் இராமேஸ்வரத்துக்கு ரயிலேறியது, கடலில் முழுகித் தோஷம் கழிக்க. பெரியவீட்டுக்காரரும் எங்கள் அய்யாவும் ஒரே பெட்டியில். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று அம்மா சொன்னாள். சிநேகிதம் ஒன்றும் ஆகிவிடவில்லை, ஆனால் மடை திறந்தது. அய்யா அதற்குப் பிறகு என் மூன்று பிள்ளைகளையும் தூக்கி வளர்க்கிற அளவு இருந்தார்.

மூத்தாருக்கு அதோடு நாடகம் முடிந்தது. ஊரையே கூப்பிட்ட எமனுக்கு யார் தாம்பூலம் வைப்பார்கள்? செட்டுக்கு வேறோர் எமன் வந்தார், உறுமுகிறவர். செட்டு ஆட்கள் வயிற்றில் அடி விழவில்லை என்பதே இவருக்குப் பெரிய நிம்மதி. மிளகாய்க் கொல்லையோடு இருந்துவிட்டார். பேர் சொல்லாதது மட்டும் மாறவில்லை.

நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். "ஒன்னைய மட்டும் ஏன் விட்டாக?" என்று ஊரில் கேட்காத பெண் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவதா? எனக்கு ஏதாவதா? அதைவிட மோசமாக, எல்லோரும் போய் நான் மட்டும் மிஞ்சப்போகிறேனா? பிரசவ வலி எடுத்தபோது என் கண்ணில் அந்த நீல முகம்தான் நின்றது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அப்போதும் பயம் போகவில்லை. கேட்கலாம் என்றால் மூத்தாரிடம் எப்படிப் பேசுவது? வருஷங்கள் போயின.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு முந்தின வருஷம் அவர் படுத்தார். நாள் கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தார். மற்றவர்களுக்கென்று இவரைத் தேடி வந்தார்கள், இவருக்கு யாரைத் தேடிப் போவது? ஒரு மத்தியானம் ஓரகத்தி தண்ணீருக்குப் போயிருந்தாள். கஞ்சித்தண்ணீர் கொடுக்க நான் கட்டிலருகில் போனேன். கதவு இல்லை, சுவர் இல்லை. வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"மச்சான், அன்னைக்கு ஊரையே கூப்பிட்டீக. எங்க அய்யாவ, இவுகள, ஒங்களையும்கூட. என்னைய மட்டும் ஏன் விட்டீக?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இத்தன வருசமா இதையா வச்சிருந்த?"

"பயந்துக்கிட்டேதான் இருக்கேன்."

உதடு கோணியது. சிரிக்கிறார் என்று புரிய நேரம் ஆனது.

"ஒம் பேரு எனக்குத் தெரியாது ஆத்தா. ஒங்க ஊரு பூராம் ஆத்தாங்குது. இங்கன மங்கைக்காரிங்குறாக. தம்பி பொண்டாட்டி பேரு என்னன்னு தம்பிகிட்டப் போயி எப்பிடிக் கேக்குறது? வெக்கமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இதற்காகவா நான் இத்தனை வருஷம் செத்துப் பிழைத்தேன்? "இப்பச் சொல்றேன் மச்சான். எம் பேரு..."

கயிறு பிடித்த அந்தக் கை மெதுவாக எழுந்து என்னைத் தடுத்தது.

"வேணாம். சொல்லாத. நான் கூப்பிடாத பேரு ஒண்ணாவது இருக்கட்டும்."

அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே போனார்.

அன்றைக்கு அவர் கூப்பிட்ட பெரியவர்களில் இப்போது ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் நேரத்தில், காய்ச்சலிலும் முதுமையிலும், என் வீட்டுக்காரர் தூக்கத்திலும், போய்ச் சேர்ந்தார்கள். நான் இருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க மாசம் ஒரு தடவை இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அங்கே ஒரு சின்னப்பெண், நர்ஸ், சீட்டைப் பார்த்து என் பேரைச் சத்தமாகக் கூப்பிடுகிறாள். என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் இப்போது அவள்தான். ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப்போடும். அது பொம்பளைப்பிள்ளை குரல் என்று காதுக்கு உறைத்த பிறகுதான், "இந்தா வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு எழுந்து போவேன்.